துப்பறியும் கதைப் புத்தகங்கள்: குழந்தைக்கு எதுல ஆரம்பிக்கிறது, எப்படிக் கூட உக்காந்து படிக்கிறது

படப் புத்தகம் எல்லாம் முடிச்சாச்சு, எழுத்துக்கூட்டித் தானாவே படிக்கவும் வந்துடுச்சு, ஆனா கொஞ்சம் தடியான புத்தகமா எடுத்துக் குடுத்தா நாலு பக்கத்துலயே மூடி வச்சிட்டு ஓடிடுது. இந்தக் கட்டத்துல நிக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கும் டீச்சர்களுக்கும்தான் இத எழுதறேன். வயசு ஏழுலேர்ந்து பத்து வரைக்கும்னு வச்சுக்கங்க. இந்த வயசுக்கு நான் முதல்ல எடுத்துக் குடுக்கறது துப்பறியும் கதைங்கதான். மத்த கதைல ஒரு கதாபாத்திரத்து மேல பாசம் வந்தாதான் அடுத்து என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கத் தோணும், அதுக்கு மூணு நாலு சாப்டர் ஆயிடும், அதுக்குள்ள குழந்தை எந்திரிச்சுப் போயிடும். இதுல அப்படி இல்ல, ஆரம்பத்துலயே ஒரு பொருள் காணாமப் போயிடும், யார் எடுத்ததுன்னு தெரியாம புத்தகத்த மூட மனசு வராது. இன்னொண்ணு, எந்த வரில துப்பு ஒளிஞ்சிருக்கும்னு தெரியாததால பாதி வரிய முழுங்கிட்டுத் தாவற குழந்தைகூட நிதானமாப் படிக்க ஆரம்பிக்கும். இத நான் திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன்.

இந்த வயசுக்கான துப்பறியும் கதைங்க பெரும்பாலும் சாப்டர் புக்காத்தான் வரும், அதுன்னா என்னன்னு சுருக்கமாச் சொல்லிடறேன். படப் புத்தகத்துக்கும் முழு நாவலுக்கும் நடுவுல இருக்கறது. பெரும்பாலும் 60லேர்ந்து 100 பக்கம், ஒவ்வொரு சாப்டரும் ஒரே உக்காருல முடியற அளவு, எழுத்து பெருசா இருக்கும், சில பக்கத்துக்கு ஒரு கருப்பு வெள்ளைப் படம் வரும். அவ்ளோதான்.

முதல் படி, புத்தகம் குழந்தைக்கு ஏத்ததான்னு பாக்கறது

அட்டைல போட்டிருக்கற வயச நம்பி மட்டும் வாங்காதீங்க. நடுவுல ஏதாவது ஒரு பக்கத்தத் திறந்து குழந்தைய வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்க, தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரல மடக்கட்டும். ஒண்ணு ரெண்டு விரல்னா தாராளமாப் படிக்கலாம், மூணு நாலுன்னா நீங்க பக்கத்துல இருக்கணும், அஞ்சும் மடங்கிடுச்சுன்னா அந்தப் புத்தகத்தக் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. டீச்சருங்க ரொம்ப காலமா பண்ற டெஸ்ட்தான் இது, எந்த மொழிப் புத்தகத்துக்கும் ஒத்து வரும்.

துப்பறியும் கதைக்குன்னு தனியா ஒண்ணு பாக்கணும், அதப் பலபேரு கவனிக்கறதில்ல. முதல் ரெண்டு சாப்டர்ல எத்தன பேர் வராங்கன்னு எண்ணிப் பாருங்க. வார்த்தை எல்லாம் ஈஸியா இருக்கும், ஆனா பத்துப் பதினஞ்சு பேரு வரிசையா உள்ள வந்து நிப்பாங்க, யாரு தோட்டக்காரரு யாரு பக்கத்து வீட்டுக்காரருன்னு குழந்தைக்குக் குழம்பிடும், குழம்பினதுக்கப்புறம் யாரச் சந்தேகப்படறது. முதல் புத்தகத்துல துப்பறியற பிள்ளைங்க ரெண்டு மூணு பேரு, சந்தேகப்பட வேண்டியவங்க மூணு நாலு பேரு, அதுக்கு மேல வேண்டாம்.

அப்புறம் பயம். இந்த வயசுக்கான புத்தகங்கள்ல கொலை வராது. காணாமப் போன நாய், திருடு போன கோப்பை, பூட்டின அறைல சத்தம், ரகசிய எழுத்துல வந்த கடிதம், இப்படித்தான் இருக்கும். ஆனாலும் பேய் வீடு மாதிரி வர்ற கதைல, கடைசில "அது பேய் இல்ல, காத்துல ஆடற ஜன்னல்"னு தெளிவாகறதுக்கு முன்னாடி ராத்திரி தூக்கம் போயிடற குழந்தைங்க உண்டு. பயப்படற சுபாவம்னா நீங்க முதல்ல கடைசி சாப்டரப் படிச்சுப் பாத்துடுங்க, எல்லாத்துக்கும் சாதாரணமான காரணம் இருக்கான்னு. இருந்துச்சுன்னா பகல்ல படிக்கக் குடுங்க.

எந்தப் புத்தகத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்

இங்க நான் சொல்றது எல்லாம் ஆங்கிலத்துல வந்தது, லைப்ரரிகள்ல சுலபமாக் கிடைக்கற பழைய சீரிஸ்ங்க. வேற நல்லதும் நிறைய இருக்கு, இதெல்லாம் ஒரு அளவுகோலா வச்சுக்கங்க.

இப்பதான் தனியா வாசிக்க ஆரம்பிச்ச குழந்தைன்னா 'நேட் தி கிரேட்'. மார்ஜரி வைன்மன் ஷார்மட் எழுதினது, முதல் புத்தகம் 1972ல வந்துச்சு. துப்பறியற பையனே "நான்"னு கதை சொல்றான், வாக்கியம் எல்லாம் குட்டி குட்டி, முதல் கேஸே காணாமப் போன ஒரு ஓவியம்தான். பயமே கிடையாது. அதுக்கு அடுத்த படி 'கேம் ஜான்சன்', டேவிட் ஆட்லர் 1980ல ஆரம்பிச்சது. இதுல வர்ற பொண்ணுக்கு ஒரு தடவ பாத்தா கேமராவுல எடுத்த மாதிரி எல்லாம் ஞாபகம் இருக்கும், "க்ளிக்"னு சொல்லிட்டுக் கண்ண மூடி அந்தக் காட்சியத் திரும்பப் பாப்பா. குழந்தைங்க உடனே வீடு பூராவும் க்ளிக் க்ளிக்னு சொல்லிட்டுத் திரியும், அத விட்றாதீங்க, அதான் கவனிக்கற பழக்கம் உள்ள வர்ற வழி.

கொஞ்சம் சரளமாப் படிக்கிற குழந்தைக்கு ரான் ராய் எழுதின 'ஏ டு இசட் மிஸ்டரீஸ்'. 1997ல ஆரம்பிச்சது, எழுத்துக்கு ஒண்ணா 26 புத்தகம். எந்த எழுத்துலேர்ந்து வேணா தொடங்கலாம், தன் பேரோட முதல் எழுத்துப் புத்தகத்தத் தேடி எடுத்துட்டு வர்ற குழந்தைங்களே அதிகம்.

புத்தகத்துல ரொம்ப நேரம் உக்கார முடியாத குழந்தைக்கு 'என்சைக்ளோபீடியா பிரவுன்' நல்லா ஒத்து வரும். டொனால்ட் சோபல் எழுதினது, 1963ல ஆரம்பம். ஒரு புத்தகத்துல பத்து குட்டிக் கேஸ், ஒவ்வொண்ணும் சில பக்கம்தான், கண்டுபிடிக்கற இடம் வந்ததும் கதை நின்னுடும், விடை புத்தகத்தோட பின்னாடி இருக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச அமைப்பு இது, ஏன்னா "இப்ப நீ சொல்லு"ன்னு குழந்தை கைலயே கேஸக் குடுத்துடுது. ஒரே ஒரு விஷயம், சில கேஸுக்கு விடை தெரியணும்னா அமெரிக்க சரித்திரமோ பொது அறிவோ வேணும், அதுமாதிரி வந்தா "இது தெரிஞ்சிருந்தாதான் பிடிக்க முடியும், உன் தப்பு இல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போங்க.

'பாக்ஸ்கார் சில்ட்ரன்' பத்தி ஒரு எச்சரிக்கை. முதல் வகுப்பு டீச்சரா இருந்த கெர்ட்ரூட் சாண்ட்லர் வார்னர் 1924ல எழுதினது, அப்புறம் 1942ல சின்னப் பிள்ளைங்க தாங்களே படிக்கற மாதிரி எளிமையாச் சுருக்கி வெளியிட்டாங்க. அருமையான புத்தகம், ஆனா முதல் புத்தகம் துப்பறியும் கதையே கிடையாது, அப்பா அம்மா இல்லாத நாலு பிள்ளைங்க ஒரு பழைய ரயில் பெட்டில குடித்தனம் பண்ற கதை. மர்மம் எல்லாம் பின்னாடி வர்ற புத்தகங்கள்லதான். துப்பறியறத எதிர்பாத்து உக்காந்த குழந்தைகிட்ட இத முன்கூட்டியே சொல்லிடுங்க.

இங்கிலாந்து எழுத்தாளர் எனிட் பிளைட்டனோட புத்தகங்கள்ல எதுன்னு நிறையபேரு கேப்பாங்க. 1949ல ஆரம்பிச்ச 'சீக்ரெட் செவன்' சின்னது, எளிமையானது, அதுல தொடங்குங்க, 'ஃபேமஸ் ஃபைவ்' அதுக்கப்புறம். நான்சி ட்ரூங்கற பொண்ணு துப்பறியற புத்தகங்கள வாங்கும்போதும் கவனம், 1930ல வந்த மூல சீரிஸ் கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கானது, அதே பேர்ல 'க்ளூ க்ரூ'ன்னு சின்னவங்களுக்கு வேற சீரிஸ் இருக்கு. பேர மட்டும் பாத்து எடுத்தா மாறிப்போயிடும்.

கூட உக்காந்து படிக்கறது

முதல் சாப்டர நீங்க வாசிங்க. குழந்தைக்கு நல்லா வாசிக்கத் தெரிஞ்சாலும் பரவால்ல, நீங்களே வாசிங்க. பேரு, இடம், யாருக்கு யாரு என்ன வேணும், இதெல்லாம் மொத்தமா முதல் சாப்டர்லதான் வந்து விழும், அந்தச் சுமைய நீங்க தூக்கிட்டீங்கன்னா அப்புறம் குழந்தை தானா ஓடிடும். பொருள் காணாமப் போற இடம் வந்ததும் அப்படியே புத்தகத்தக் கைல குடுத்துட்டு எந்திரிங்க.

எங்க நிறுத்தறதுங்கறதும் முக்கியம். இந்தப் புத்தகங்கள்ல ஒவ்வொரு சாப்டர் கடைசிலயும் ஒரு கொக்கி இருக்கும், கதவு தட்டற சத்தம், காலடித் தடம், அந்த மாதிரி. குழந்தை தானாப் படிக்கணும்னா சாப்டர் முடிவுல நிறுத்துங்க, பாக்கிய அதுவே படிச்சுக்கும். தூங்கப் போற நேரம்னா சாப்டர் முடியறதுக்கு ரெண்டு பக்கம் முன்னாடியே, பிள்ளைங்க உக்காந்து பேசிட்டிருக்கற மாதிரி ஒரு அமைதியான இடமாப் பாத்து நிறுத்தணும். இல்லன்னா இன்னும் ஒரு சாப்டர் இன்னும் ஒரு சாப்டர்னு விடியற வரைக்கும் போகும்.

ஒரு குட்டி நோட்டு வச்சுக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு ஆளு: பேரு, சம்பவம் நடந்தப்ப எங்க இருந்தேன்னு சொன்னான், எடுக்கறதுக்கு அவனுக்கு என்ன காரணம். எழுதப் பிடிக்கலன்னா படம் வரையட்டும். ஆனா இது ஹோம்வொர்க் மாதிரி ஆச்சுன்னா அன்னிக்கே நோட்ட மூடிடுங்க, நோட்டுக்காகப் புத்தகம் கசந்து போனா எல்லாம் வீண்.

துப்ப எப்படிப் பாக்கறதுன்னு சொல்லிக் குடுக்கறது

இங்கதான் கொஞ்சம் நிதானமாப் போகணும். குழந்தைகிட்ட துப்புன்னா என்னன்னு கேட்டா கைரேகை, காலடித் தடம், கீழ விழுந்த பட்டன்னு சொல்லும். அதெல்லாம் பொருள் துப்பு, கண்ணுல பட்டுடும். ஆனா நல்ல கதைகள்ல முக்கியமான துப்பு பேச்சுல இருக்கும்.

ஒரு உதாரணம். வகுப்புல ஒரு பெட்டிக்குள்ள ஆமை வளக்கறாங்க. காலைல எல்லாரும் பிரேயர்ல இருந்தப்ப டீச்சர் பெட்டிக்குள்ள ஈரத் துணி ஒண்ணு விரிச்சு வச்சிட்டு வராங்க. இடைவேளை முடிஞ்சு வந்து பாத்தா பெட்டி காலி. டீச்சர் "ஆமையக் காணோம்"னு மட்டும்தான் சொல்றாங்க. ஒரு பையன் கிரவுண்ட்ல இருந்தேங்கறான். ஒரு பொண்ணு லைப்ரரில இருந்தேங்கறா, அவ கைல புதுசா ஒரு புத்தகம். மூணாவது பையன், "நான் காலைலேர்ந்து அந்தப் பக்கமே போகல டீச்சர், யாரோ அந்த ஈரத் துணியோட சேத்துச் சுருட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க"ன்னு சொல்றான்.

குழந்தை இதப் படிச்சிட்டு பெரும்பாலும் அடுத்த பக்கம் போயிடும். அப்ப நீங்க எதையும் சுட்டிக் காட்டாதீங்க. சாப்டர் முடிஞ்சதும், "ஆமைப் பெட்டில என்னெல்லாம் இருந்துச்சுன்னு யார் யாருக்குத் தெரியும்?"னு ஒரு கேள்வி மட்டும் போடுங்க. பக்கத்தத் திருப்பும், ஈரத் துணி விரிச்ச வரி வரைக்கும் போகும், அது டீச்சருக்கு மட்டும்தான் தெரியும்னு புரியும், அந்தப் பக்கமே போகாதவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தானாக் கேக்கும். அந்த நிமிஷம் குழந்தையோட முகத்தப் பாக்கணும், அதுக்காகத்தான் இவ்ளோ மெனக்கெடறது.

இன்னொரு வகைத் துப்பு, நடந்திருக்க வேண்டியது நடக்காம போறது. இதுக்குப் பேர்போனது ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒண்ணு, கோனன் டாயில் 1892ல எழுதினது: ராத்திரி லாயத்துல நாய் குரைக்கவே இல்ல, அதனால வந்தது நாய்க்குப் பழக்கமான ஆளு. எட்டு வயசுக்கு இத விளக்கினா நல்லாவே புரியும். நோட்டுல "நடக்காதது"ன்னு ஒரு தலைப்பு சேத்துக்கச் சொல்லுங்க. படங்களையும் விடாதீங்க, சில புத்தகங்கள்ல வரி சொல்லாதத ஓவியம் காட்டிடும். அப்புறம் பொய்த் துப்பு. எல்லார்கிட்டயும் சிடுசிடுன்னு விழற ஒரு ஆளு எப்பவும் இருப்பாரு, குழந்தை முதல்ல அவரத்தான் பிடிக்கும், அவரு பெரும்பாலும் ஒண்ணும் பண்ணிருக்க மாட்டாரு. இது நாலஞ்சு புத்தகத்துல தானாப் பிடிபட்டுடும், நீங்க சொல்லவே வேண்டாம்.

இந்த வழிகாட்டில ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வச்சுப்பீங்கன்னா இத வச்சுக்கங்க: குழந்தை "இவன்தான் திருடன்"னு சொல்லும்போது சரின்னும் சொல்லாதீங்க, தப்புன்னும் சொல்லாதீங்க, "எந்தப் பக்கத்துல பாத்த?"ன்னு கேளுங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுன்னு சொன்னா அது காரணம் இல்ல, பக்கத்தக் காட்டு. பக்கத்தக் காட்டிட்டா, கடைசில அந்த யூகம் தப்பாவே போனாலும் அது நல்ல யூகம், அத வாய்விட்டுச் சொல்லிப் பாராட்டுங்க. நமக்கு விடை தெரியுங்கற சந்தோஷத்துல ஒரு சின்னச் சிரிப்பு சிரிச்சாக்கூடப் போச்சு, குழந்தைங்க புத்தகத்த விட்டுட்டு நம்ம மூஞ்சியப் படிக்க ஆரம்பிச்சுடும்.

நல்ல புத்தகமா மோசமானதான்னு தெரிஞ்சுக்கவும் இதே கேள்விதான். 1929ல ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதறவர், இந்த மாதிரிக் கதைக்குப் பத்து விதி எழுதினாரு. அதுல, குற்றவாளி கதையோட ஆரம்பத்துலயே வந்திருக்கணும், துப்பறியறவருக்குக் கிடைக்கற துப்பு எல்லாம் உடனே வாசகருக்கும் காட்டப்படணும்னு இருக்கு. பெரியவங்க கதைக்குச் சொன்னதுதான், ஆனா குழந்தைங்களுக்கு இன்னும் கண்டிப்பாப் பொருந்தும். கடைசி சாப்டர்ல புதுசா ஒரு ஆளு வந்து நான்தான் எடுத்தேன்னா குழந்தைக்கு ஏமாத்தப்பட்ட மாதிரி இருக்கும், அந்தக் கோவம் நியாயமானது. அப்படிப் புத்தகம் அமைஞ்சா "ஆமா, இது சரியில்ல"ன்னு நீங்களும் சேந்து சொல்லுங்க.

முடிஞ்சதும் அடுத்த புத்தகத்த உடனே நீட்டாதீங்க. அதே புத்தகத்த ஒரு புரட்டு புரட்டி துப்பு இருந்த இடத்தையெல்லாம் தேடுங்க, பென்சில்ல ஒரு புள்ளி வைக்கலாம், லைப்ரரிப் புத்தகம்னா துண்டுப் பேப்பர் செருகலாம். நல்லா எழுதின புத்தகம்னா விடை தெரிஞ்சு படிக்கும்போதுதான் இன்னும் ருசிக்கும். சில குழந்தைங்க கடைசிப் பக்கத்த முதல்லயே படிச்சிடும், அதத் திட்டாதீங்க. பதற்றம் தாங்காத பிள்ளைங்க, முடிவு தெரிஞ்சாதான் நிம்மதியா நடுவுல இருக்கறதப் படிக்கும். அவங்ககிட்ட கேள்விய மாத்துங்க, "யாருன்னு தெரிஞ்சுடுச்சு, சரி, அவன் எங்க மாட்டிக்கிட்டான்?"

பழைய புத்தகங்கள்ல ஒரு விஷயம்

பொண்ணுங்க சமையலப் பாத்துக்கணும், பையனுங்கதான் ராத்திரி வெளில போகணும்ங்கற மாதிரி வரும். வெளியூர்க்காரன், ஏழை, நாடோடி, இவங்க மேலதான் முதல்ல சந்தேகம் விழும். நான்சி ட்ரூ புத்தகங்களையே 1959லேர்ந்து திருத்தி எழுதினாங்க, இனத்த இழிவா காட்டற பகுதிகள எடுக்கறதும் அதுல ஒரு நோக்கம். அதுக்காகப் பழசு எல்லாத்தையும் ஒதுக்க வேண்டாம். "அவர ஏன் முதல்ல சந்தேகப்பட்டாங்க? எந்தப் பக்கத்துல துப்பு இருந்துச்சு?"னு கேட்டாப் போதும். துப்பே இல்லாம சந்தேகப்பட்டிருந்தா குழந்தையே அது அநியாயம்னு சொல்லிடும். ரொம்ப மோசமா இருக்கற புத்தகத்த மட்டும் தள்ளி வைங்க.

ஒரே சீரிஸ்ஸப் பிடிச்சுட்டுத் தொங்கறான், வேற எதையும் தொட மாட்டேங்கறான்னு கவலைப்படறவங்களுக்கு: தொங்கட்டும். ஆளுங்க, இடம், எப்படிக் கதை போகும் எல்லாம் ஏற்கனவே தெரிஞ்சதால மூளை முழுசும் வாசிக்கறதுக்கும் துப்புக்கும் போகுது, வேகம் ஏறுது. பாதிலயே திருடனப் பிடிச்சுட்டு சலிச்சுக்க ஆரம்பிக்கறப்ப தானா அடுத்த படிக்கு வரும். வாசிக்கவே கஷ்டப்படற குழந்தைன்னா ஆடியோ புக் ஓடவிட்டு விரல வரி மேல வச்சுக் கூடவே வரச் சொல்லுங்க, இல்லன்னா ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம் அது. இதெல்லாம் ஏமாத்து வேலை இல்ல, அதுவும் வாசிப்புதான்.

கொஞ்ச நாள்ல "நானே ஒரு கேஸ் எழுதறேன்"னு வந்து நிக்கும். அப்ப முதல் வரிலேர்ந்து எழுத விடாதீங்க, நடுவுல முட்டிக்கிட்டு நின்னுடும். முடிவுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க: யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தா, என்ன மூணு துப்பு விட்டுட்டுப் போனா. அதுக்கப்புறம் அந்த மூணையும் கதைல எங்க வைக்கறதுன்னு பாக்கட்டும். எழுதி முடிச்சதும் வீட்ல ஒருத்தர்கிட்ட வாசிச்சுக் காட்டட்டும். அவங்க முதல் பக்கத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்கன்னா துப்பத் தனி வரியா விடாம, மேஜை மேல இருந்த நாலஞ்சு பொருள வரிசையாச் சொல்லி அதுல மூணாவதா நுழைச்சு எழுதச் சொல்லுங்க.